பதினான்காவது தோட்டா

போன மாதம் ஒருநாள் காலை பத்து மணி வாக்கில் ராஜ்குமார் போன் செய்தான். நான் ஓய்வுபெற்ற பிறகு என் இடத்துக்கு ஆர்மரராக வந்தவன். துப்பாக்கிகளைப் பிரித்துப் பழுதுபார்ப்பது, புதிதாக வரும் தோட்டாவையும் துப்பாக்கியோடு மாட்டும் சாமான்களையும் சுட்டுப் பார்த்து, “இதைப் படைக்குக் கொடுக்கலாம்” அல்லது “கூடாது” என்று எழுதிக் கொடுப்பது, இதுதான் ஆர்மரர் வேலை. முப்பத்து மூன்று வருடம் அந்த வேலை பார்த்தேன்.

“அண்ணே, நல்லாருக்கீங்களா? ஒரு சின்ன சந்தேகம். புதுசா எம்டி பை வந்திருக்குண்ணே, சுட்ட காலிக் கூட்டப் பிடிக்கிறது, பிளாஸ்டிக் டப்பா மாதிரி. டெஸ்ட் ரிப்போர்ட் எழுதணும். ஆபீஸ்ல ஒரு மாடல் குடுத்து இதையே பாத்து எழுதச் சொல்றாங்க. யாரு எழுதுனதுன்னு பாத்தா ஒங்க கையெழுத்து. அப்படியே எழுதிரவா?”

“வாசி, கேப்போம்.”

“‘பத்துத் தோட்டாக்கள் சுட்டுச் சோதிக்கப்பட்டன. தடை ஏதும் இல்லை. திருப்திகரமாக உள்ளது.’ அவ்வளவுதாண்ணே. சுருக்கமா அழகா இருக்கு.”

அழகாம். “அதைக் கிழிச்சுப் போடுடா” என்று கத்திவிட்டு போனை வைத்தேன். சமையல்கட்டிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, “பிரஷர் மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அரை மணி நேரம் கழித்து நானே ராஜ்குமாரைக் கூப்பிட்டு, பையை மாட்டி, பயிற்சியில் ஒரு ஆள் சுடுகிற இருபதையும் சுடு, எங்கே நிற்கிறதோ அந்த எண்ணை எழுது, எவன் என்ன சொன்னாலும் ஒன்றைக்கூடக் குறைக்காதே என்றேன். அவன் சரி என்றான். ஆனால் எனக்கு ஆறவில்லை. ஒரு பெண்ணின் கண்ணைப் பறித்த காகிதம் அது. அதை எழுதியவன் நான். அதைப் போய் மாதிரிப் படிவமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எந்தப் படை, எந்தப் பிரிவு என்று இங்கே சொல்லப்போவதில்லை. காக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். உண்மைப் பெயரோடு சொல்ல வேண்டிய இடம் வேறு இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

குளத்தூர் பக்கம் எங்கள் ஊர். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன், உயரமும் மார்பளவும் சரியாக இருந்ததால் படையில் எடுத்துக்கொண்டார்கள். அரம் பிடிக்கத் தெரியும் என்று கேள்விப்பட்டு வடக்கே ஒரு வருடம் ஆர்மரர் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சப்பாத்தியும் குளிரும் இந்தித் திட்டும் தின்று திரும்பி வந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. தொழிலைக் கற்றுக்கொண்டதெல்லாம் அதன் பிறகு குன்றடி ரேஞ்சில்தான். பாறைக் குன்று ஒன்றை முதுகாக வைத்து, அதன் முன்னால் மண்மேடு எழுப்பி, எதிரே சுடுகிற மேடை போட்ட பொட்டல் அது. சுற்றிக் கருவேல முள்ளும் சரளைக் கல்லும்.

எப்படிச் சோதிப்பேன் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பின்னால் நடந்தது புரியும். புதிதாக வந்த எதையும் முதல் தோட்டாவுக்குத் தோளில் வைக்க மாட்டேன். துப்பாக்கியை மணல் மூட்டைகளுக்கு நடுவே கட்டி, விசையில் நூல் கட்டி, பத்தடி தள்ளி இருக்கும் செங்கல் சுவருக்குப் பின்னால் நின்று இழுப்பேன். சுட்ட பிறகு வெளியே விழும் பித்தளைக் கூட்டை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். வீங்கியிருக்கிறதா, கழுத்தில் கீறல் விட்டிருக்கிறதா, அடியில் ஊசி குத்திய குழி நடுவில் இருக்கிறதா. அது சரியென்றால்தான் படுத்துத் தோளில் வைத்துச் சுடுவேன். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் திறக்கக்கூடாது. குழாய் மண்மேட்டைப் பார்த்தபடியே இருக்க, அறுபது வரை எண்ண வேண்டும். சில தோட்டா சோம்பிப்போய் இருபது, முப்பது எண்ணிய பிறகு வெடிக்கும். புதுப் பையன்கள் இருபதிலேயே பொறுமை இழந்து கையை நீட்டுவார்கள். அந்தக் கையைத் தட்டிவிடுவதற்கே எனக்குச் சம்பளம் என்று சொல்லிக்கொள்வேன்.

ஒருமுறை மழைக்காலம் முடிந்து எடுத்த பெட்டியில் இருபதுக்கு மூன்று தோட்டா அப்படித் தாமதித்து வெடித்தது. அப்போது இருந்த இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தால் வசவுதான். “ஒனக்கு வேற பொழப்பு இல்லையாய்யா? நாளைக்குப் பிராக்டிஸ், இன்னைக்கு வந்து மூணு நிக்குது, நாலு நிக்குதுங்கிற” என்று பரம்பரையையே இழுத்துத் திட்டினார். திட்டிக்கொண்டே ஜீப்பில் ஏறி ரேஞ்சுக்கு வந்தார், தொப்பையோடு குப்புறப் படுத்து அவரே சுட்டார். ஐந்தாவது தோட்டா நின்றது. நான் எண்ண, அவர் அசையாமல் படுத்திருந்தார். நாற்பத்தொன்றில் வெடித்தது. எழுந்து சட்டையில் இருந்த மண்ணைத் தட்டி, அங்கேயே ஜீப் பானெட்டில் வைத்து “உபயோகிக்கத் தகுதியற்றது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வாரப் பயிற்சியே ரத்து. மேலே இருந்து அவருக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கிடைத்தது ஒரு கெட்ட வார்த்தையும் ஒரு டீயும். அப்படி ஒரு மனிதரிடம் வேலை பார்த்தவன்தான் பின்னால் அப்படி எழுதினேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மீதே ஆத்திரம் வருகிறது.

காக்கிக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பயம் உண்டு. வெளி ஆட்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். தோட்டாவைக் கண்டு நாங்கள் அவ்வளவு பயப்பட மாட்டோம். தோட்டா வெடித்த பிறகு விழும் காலிக் கூட்டைக் கண்டுதான் பயம். எம்டி என்போம். ஆளுக்கு இருபது தோட்டா கொடுத்தால் இருபது எம்டி திரும்ப வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் தோட்டாவையே வெளியே கடத்திவிட்டான் என்று சந்தேகம் வரும். எம்டி கிடைக்கிற வரை ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. அந்தப் பித்தளைக் கூடோ சுட்டதும் வலப்பக்கம் எட்டடி பறந்து போய்ச் சரளைக் கல்லுக்குள் விழும். முப்பது பேர் முட்டி போட்டு முள்ளுக்குள் தேடுவோம். ஒருமுறை ஜல்லடை கொண்டுவந்து மண்ணைச் சலித்துத் தேடியிருக்கிறோம், மதியச் சோறு மூன்றரை மணிக்கு. அதனால் பக்கத்தில் படுத்தவன் தொப்பியை நீட்டிப் பிடிப்பான். சிலர் வெறும் கையை நீட்டிச் சூடு வாங்கிக்கொள்வார்கள். ரேஞ்சில் சுட்டு முடித்ததும் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, “எம்டி சரியா?” என்பதுதான்.

ஆகவே அந்தப் பை வந்தபோது எங்களுக்குக் கொண்டாட்டம். கம்பி வளையம், அதில் தைத்த பச்சை நிற வலைத்துணிப் பை. துப்பாக்கியின் வலப்பக்கம், கூடு வெளியே வரும் திறப்பின் மேல் மாட்டிவிட்டால் சுடச் சுட எம்டி எல்லாம் பைக்குள் விழும். தேட வேண்டாம், முட்டி தேய வேண்டாம். எனக்கே அதைப் பார்த்ததும் பிடித்துப்போனது, மறைக்க மாட்டேன்.

சோதிக்கிற அன்று ரேஞ்சில் நானும் செல்வராணியும் மட்டும். செல்வராணி காவலர். வல்லத்திராக்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலை. அன்று அவளுக்குச் சென்ட்ரி டியூட்டி. ஆடு மேய்ப்பவர்கள் குறுக்கே வந்துவிடாமல் சிவப்புக் கொடியோடு பாதையில் நிற்க வேண்டும். சென்ட்ரி நிற்பவர் சத்தத்தைக் காதால் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எத்தனை சுட்டார்கள் என்று இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா. செல்வராணி அதில் கெட்டி.

நூல் கட்டி ஒன்று சுட்டேன். சரி. பையை உதறிவிட்டுப் படுத்து, தோளில் வைத்துத் தொடங்கினேன். பத்து வரை அருமை. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. பதினான்காவதில் நின்றுவிட்டது. பார்த்தால், படுத்துச் சுடும்போது பை கீழே தொங்காமல் தரையில் உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே விழுந்த கூடுகள் வாய் வரை குவிந்துவிடுகின்றன. பதினான்காவது கூட்டுக்குப் போக இடமில்லாமல், மோதித் திரும்பித் துப்பாக்கிக்குள்ளேயே குறுக்கே விழுந்துவிட்டது. அதன் பின்னால் புதுத் தோட்டா பாதி ஏறி நிற்கிறது. பையைக் கழற்றிவிட்டு இரண்டையும் பத்திரமாக எடுத்தேன். காலி செய்து மறுபடி சுட்டேன். மறுபடி பதினான்கு. மூன்றாம் தடவை பதினைந்து.

தூரத்திலிருந்து செல்வராணி கூப்பிட்டுச் சொன்னாள். “ஏட்டையா, பதினாலோட மூச்சு நின்னு போகுதே. நாங்க இருபது சுடணுமே, என்ன பண்றது?”

“அதுக்குத்தான்த்தா எழுதப் போறேன்” என்றேன்.

எழுதினேன். “பதினான்கு தோட்டாவில் தடை ஏற்படுகிறது. நிறைந்த பையோடு தடையை நீக்க முயல்வது ஆபத்து. தற்போதைய வடிவில் தகுதியற்றது.” மூன்றே வரி. இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இது வேறு இன்ஸ்பெக்டர். சந்திரமோகன் என்று வைத்துக்கொள்வோம். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. எல்லோரையும் வாங்க போங்க என்பார். உட்காரச் சொல்வார், டீ வரவழைப்பார், பிஸ்கட் தட்டை நம் பக்கம் நகர்த்துவார். கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே பேசுவார். ஒரு விஷயம் மட்டும் நான் தாமதமாகத்தான் கவனித்தேன். அவர் பேனாவைத் தொடவே மாட்டார். எதை மாற்ற வேண்டுமானாலும் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. நாம் திருத்தி எழுதிக் கொண்டுவந்ததும் அந்தப் பழைய தாள் நம் கையில்தான் இருக்கும். அவர் சொன்னதற்கு எந்தத் தடயமும் இருக்காது.

“ஏட்டு, பிராக்டிஸ்ல ஒரு சுத்துக்கு எத்தனை ரவுண்டுங்க?”

“பத்துங்கய்யா.”

“அப்ப பத்து சுட்டுப் பாத்தாப் போதாதா? பதினாலு எதுக்குச் சுட்டீங்க?”

“மெதுவாப் பத்து, வேகமாப் பத்துன்னு ரெண்டு சுத்து வருதுங்கய்யா. நம்ம ஆளுங்க எம்டிய கடைசிலதான எண்ணுவாங்க. நடுவுல பையக் கழட்ட மாட்டாங்க.”

“கழட்டச் சொல்லிருவோம். பத்து முடிஞ்சதும் காலி பண்ணச் சொல்லி நானே சொல்லிர்றேன். போதுமா? பை எல்லா எடத்துக்கும் வந்தாச்சுங்க. நம்ம ஒரு எடத்துலருந்து மட்டும் முடியாதுன்னு எழுதுனா, ஏன் எதுக்குன்னு நூறு கேள்வி வரும். நீங்க பொய் எழுத வேணாம். பத்து சுட்டது உண்மைதான? பத்துல நிக்கலதான?”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பத்து சுட்டது உண்மை. பத்தில் நிற்காததும் உண்மை. அந்த மூன்று வரிக்குப் பக்கத்தில் பென்சில் கோடு விழுந்தது. நான் வெளியே வந்து புதிதாக எழுதினேன். ராஜ்குமாருக்கு அழகாகத் தெரிந்ததே, அதுதான். பழைய தாளை நான்தான் நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டேன். கிழித்ததில் அவர் கை படவே இல்லை. மூன்று முறை படுத்து எழுந்த முழங்கை சிராய்ப்புகூட அப்போது ஆறியிருக்கவில்லை.

பயிற்சி நாள் வந்தது. வரிசையில் நிற்க வைத்து இன்ஸ்பெக்டர் பேசினார். பத்து முடிந்ததும் காலி செய்யச் சொல்வார் என்று நான் தோட்டா மேசைக்குப் பின்னால் நின்று காத்திருந்தேன். அவர் சொன்னது வேறு. முந்தின நாள் வேறொரு அணி பையை நடுவில் கழற்றும்போது ஒரு எம்டி சிதறிப்போய்ச் சாயங்காலம் வரை தேடினார்களாம். ஆகையால், “எண்ணி முடிக்கிற வரைக்கும் யாரும் பையக் கழட்டக் கூடாதுங்க” என்றார். முப்பது பேர் காதிலும் விழுந்தது. என் காதிலும் விழுந்தது. நான் இரண்டடி முன்னால் வந்து, “ஐயா, பதினாலுல நிக்கும்” என்று சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? இல்லை. நின்றால் கையைத் தூக்குவார்கள், நான் போய் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆர்மரர் புத்தி. எதையும் நானே போய்ச் சரி செய்துவிடலாம் என்கிற திமிர்.

செல்வராணி நான்காவது இடத்தில் படுத்திருந்தாள். முதல் சுற்று முடிந்தது. இரண்டாம் சுற்று வேகச் சுற்று, ஒரு நிமிடத்துக்குள் பத்து. நாலாவதில், அதாவது மொத்தத்தில் பதினான்காவதில், எல்லோருக்கும் முன்னால் அவள் துப்பாக்கி நின்றது. சட்டப்படி கையைத் தூக்கினாள். நான் மேசையை விட்டு எழுந்தேன். பக்கத்தில் மற்றவர்கள் சுட்டுக்கொண்டிருக்கும்போது முன்னால் போகக் கூடாது, நிறுத்தச் சொல்லி உத்தரவு வர வேண்டும். இன்ஸ்பெக்டர் நிறுத்தவில்லை. அவள் பின்னால் போய் நின்று, அதே மெல்லிய குரலில், “பையக் கழட்டாம கிளியர் பண்ணும்மா, டைம் போகுது” என்றார். வெடிச் சத்தத்தின் இடைவெளியில் எனக்கு அது தெளிவாகக் கேட்டது.

அவள் கைப்பிடியை இழுத்தாள். உள்ளே மாட்டிய கூடும் பாதி ஏறிய புதுத் தோட்டாவும் வெளியே வர இடம் இல்லை. பை வாய் அடைத்துக் கிடக்கிறது. என்ன மாட்டியிருக்கிறது என்று பார்க்கத் துப்பாக்கியைச் சாய்த்துக் குனிந்தாள். கைப்பிடி நழுவி உள்ளே இருந்த இரும்பு வேகமாக முன்னால் பாய்ந்தது. பாதி ஏறிக் கோணலாகக் கிடந்த அந்தப் புதுத் தோட்டாவின் அடியில் போய் இடித்தது. குழாய்க்குள் வெடிக்க வேண்டிய தோட்டா, திறந்த வாயில் வெடித்தது. பித்தளை பிய்ந்து சிதறியது. ஒரு துணுக்கு அவள் வலது கண்ணில் ஏறிவிட்டது.

எம்டியைப் பிடிக்க முப்பது பை வாங்கி அனுப்பியிருந்தார்கள். கண்ணுக்குப் போட ஒரு கண்ணாடி வாங்கி அனுப்பவில்லை. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். தலையாட்டுகிறார்கள்.

ஜீப்பில் அவளைத் தூக்கிப் போட்டுப் புதுக்கோட்டைக்கு அனுப்பினோம். என் சட்டையெல்லாம் ரத்தம். ஜீப் பாதை திரும்பி மறைவதற்குள் பின்னாலிருந்து குரல் வருகிறது, “நாலாம் நம்பர் எம்டி சரியா?” என்று. கேட்டவர் யார் என்று நான் எழுதத் தேவையில்லை. நானும் ஒரு காவலரும் அந்தப் பையை அவிழ்த்து எண்ணினோம். ரத்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தார்ப்பாயில் வைத்தோம். வெடித்த கூட்டின் துண்டுகள் கிடைக்கிற வரை மற்றவர்கள் முட்டி போட்டுத் தேடினார்கள். ஒரு துண்டு மட்டும் கிடைக்கவில்லை. அது எங்கே போயிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் தேடினார்கள். நானும் தேடினேன்.

கண் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து விசாரணை. வெளி மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். செல்வராணியைக் கேட்டார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

“பை நெறஞ்சா நிக்கும்ங்கய்யா. கழட்டக் கூடாதுன்னு உத்தரவு. நிக்கும்னு ஏட்டையாவுக்குத் தெரியும், அவரு மூணு தடவ சுட்டுப் பாத்தாரு. நான்தான் சென்ட்ரி. அவரக் கேளுங்க.”

அதிகாரி என்னைப் பார்த்தார். “நீங்கதான் டெஸ்ட் பண்ணீங்களா?”

“ஆமாங்கய்யா.”

“எத்தனை ரவுண்டு?”

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. எனக்கு ஓய்வுபெற ஒரு வருடமும் சொச்சமும் பாக்கி இருந்தது. “ரிப்போர்ட்ல இருக்குங்கய்யா” என்றேன்.

“ரிப்போர்ட்ல பத்துன்னு இருக்கு. சரியா?”

“சரிங்கய்யா.”

அவ்வளவுதான் நான் சொன்னது. செல்வராணி நின்றபடியே இருந்தாள். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் தன் முறை வந்தபோது, கிளியர் பண்ணச் சொன்னதாகவும், பையோடு செய்யச் சொல்லவில்லை என்றும் சொன்னார். முப்பது பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய முதல் ஆளே திறக்கவில்லையே, அவர்களை எப்படிக் குறை சொல்வது?

முடிவு வந்தது. “உரிய கவனமின்றி ஆயுதத்தைக் கையாண்டதால் தனக்குத்தானே காயம் ஏற்படுத்திக்கொண்டார்.” அதை அவள் பணிப் பதிவேட்டில் ஏற்றினார்கள். அடுத்து வரவேண்டிய பதவி உயர்வு நின்றது. அவளைக் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். பைகளைச் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பையில் குற்றம் இல்லை என்றால் எதற்குத் திரும்ப வாங்கினீர்கள் என்று கேட்க ஒரு நாதி இல்லை. சந்திரமோகனுக்குப் பதவி உயர்வு வந்து வேறு ஊருக்குப் போனார். போகும்போது எனக்குக் கைகொடுத்து, “ஒங்கள மாதிரி ஆர்மரர் கெடைக்க மாட்டாங்க ஏட்டு” என்றார். ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சால்வை போட்டு, “இவர் கையெழுத்துப் போட்டால் அது சத்தியம்” என்று மேடையில் பேசினார்கள். உட்கார்ந்து கேட்டேன்.

ராஜ்குமார் போன் செய்த அந்த வாரமே நான் ஒரு வாக்குமூலம் எழுதினேன். நாலு பக்கம். இப்போது குடியிருக்கும் திருக்கோகர்ணத்தில் பஸ் ஏறி, புதுக்கோட்டையில் மாறி, வல்லத்திராக்கோட்டைக்குப் போனேன். செல்வராணி லீவில் வீட்டில் இருந்தாள். போர்வெல் மோட்டார் காயில் போய்விட்டது என்று மெக்கானிக்கோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சண்டையை நிறுத்தினாள்.

“வாங்க ஏட்டையா. இங்கிட்டு ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. காப்பி போடவா?”

“ஒன்னும் வேணாம்த்தா. ஒன்னு எழுதியிருக்கேன். வாசிக்கிறேன், கேளு.”

வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்கே சூடு ஏறியது. சந்திரமோகனின் பென்சில், பிஸ்கட், கைக்குட்டை, வரிசையில் பேசியது, பின்னால் நின்று சொன்னது என்று ஒன்றையும் விடவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அழுவாள், இல்லை கும்பிடுவாள் என்று நினைத்திருந்தேன் போல. அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. இன்ஸ்பெக்டர் பேரு எத்தன எடத்துல வருதுன்னு எண்ணுனீங்களா?”

“இல்லயே.”

“நான் எண்ணுனேன். பதினேழு எடம். ஒங்க பேரு கையெழுத்துல மட்டுந்தான் வருது.”

“அவருதான சொன்னாரு.”

“அவரா சுட்டாரு? சுட்டது நீங்க. நின்னதப் பாத்தது நீங்க. எழுதிக் கிழிச்சது நீங்க. அத்தன பேரு முன்னாடி நான் ஒங்களக் காட்டுனேன், நீங்க சரிங்கய்யான்னீங்க. நாலு பக்கத்துல அது எங்கையும் காணோம். அதச் சொல்லாம அவரச் சொன்னா, ரிட்டையர் ஆனவரு வேண்டாத ஆளு மேல பழி போடுறாருன்னு தூக்கிப் போட்டுருவாங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பஸ் மாறி வெயிலில் வந்திருக்கிறேன், பென்ஷனுக்கே ஆபத்து வரலாம் என்று தெரிந்தே வந்திருக்கிறேன். “என்னையே குத்தவாளின்னு எழுதச் சொல்றியா?” என்று சத்தம் போட்டேன். மெக்கானிக் எட்டிப் பார்த்தார்.

“குத்தவாளி நானு ஏட்டையா. பேப்பர்ல அப்படித்தான இருக்கு” என்றாள். “எம் மக எட்டாவது படிக்குது. ஒனக்குச் சரியாச் சுடத் தெரியாதாம்மான்னு கேக்குது. நான் என்ன சொல்லட்டும்? அதுல பாதிய நீங்க எடுத்துக்கங்க. மிச்சத்த அவரு பக்கம் தள்ளுறதுக்கு அப்புறமா வழி பண்ணுவோம்.”

அவள் உள்ளே போய் மகளின் நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்துக்கொண்டு வந்து ஸ்டூலில் வைத்தாள். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். மூன்று முறை சுட்டேன், பதினான்கிலும் பதினைந்திலும் நின்றது. தகுதியற்றது என்று எழுதினேன், பிறகு நானே அதைக் கிழித்தேன். பத்து என்று எழுதிக் கொடுத்தேன். நிற்கும் என்று தெரிந்தும் பயிற்சி நாளில் பேசாமல் இருந்தேன். விசாரணையில் கேட்டபோது மறைத்தேன். காவலர் செல்வராணி மீது எந்தத் தவறும் இல்லை. இன்ஸ்பெக்டர் ஆறாவது வரிக்குப் பிறகுதான் வந்தார். எழுதி முடிக்க அரைப் பக்கமே போதுமானதாக இருந்தது. அவள் வாங்கி இரண்டு முறை வாசித்தாள். “இது போதும்” என்றாள். மறுநாள் அவள் மனுவோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

அதற்குள் சந்திரமோகன் காதுக்குச் செய்தி போய்விட்டது. போன் செய்தார். அதே குரல். “நல்லா இருக்கீங்களா ஏட்டு? இந்த வயசுல எதுக்குங்க இதெல்லாம்? பேரன் பேத்தியோட நிம்மதியா இருக்க வேண்டாமா?” நான் முப்பத்து மூன்று வருடம் எந்த அதிகாரியையும் எதிர்த்துப் பேசியதில்லை. “நீங்க இப்பவாச்சும் பேனாவால எழுதிக் குடுங்கய்யா, வாங்கிக்கிறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். என் மனைவி அன்று மாத்திரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மறுவிசாரணைக்கு வரச் சொல்லி நேற்று எனக்குக் கடிதம் வந்தது. செல்வராணிக்கும் வந்திருக்கிறது. இரண்டு பேரையும் ஒரே நாளில், ஒரே அறைக்கு. எத்தனை ரவுண்டு என்று இந்தத் தடவை அவர்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுவேன் என்று அவளிடம் போனில் சொன்னேன். அவள் சொன்னாள்.

“சொல்லுங்க. ஆனா எனக்கு எடது கைப் பக்கமா உக்காருங்க ஏட்டையா. போன தடவ மாதிரி வலது பக்கம் உக்காந்துட்டா, நீங்க சொல்றப்ப ஒங்க மொகம் எனக்குத் தெரியாது.”